கோட்டுக்காரர் எறியாத பந்து

எங்கள் அம்மா ஒருவரைப் பக்திமான் என்று முடிவு கட்டிவிட்டால், பிறகு அந்த ஆளே வந்து மறுத்தாலும் கேட்கமாட்டார். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் கட்டிடத்தில் நாங்கள் இருந்த மாடியில், லிஃப்றுக்குப் பக்கத்து வீட்டில் தனியாக வசித்த வெள்ளைக்காரக் கிழவரை அப்படித்தான் முடிவு கட்டியிருந்தார். அதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி கிழவருடைய கோட்டு. வெயிலோ பனியோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் சாம்பல் நிறக் கோட்டும் ரையும் அணிந்து, தலையை நனைத்து வாரி, கையில் ஒரு கடதாசிப் பையோடு அவர் லிஃப்றுக்குக் காத்து நிற்பார். மற்ற நாட்களில் அவரைப் பழைய பனியனோடுதான் காணலாம். ஞாயிறும் கோட்டும் சேர்ந்தால் அது தேவாலயத்துப் பூசைதான், வேறு என்னவாக இருக்க முடியும்? "இந்த நாட்டுச் சனத்துக்குள்ளையும் உப்பிடி ஒரு மனிசன்," என்று அம்மா என் மாமாவுக்குக் கேட்கும்படி சொல்லுவார். மாமா ஞாயிறு மத்தியானம் வரை போர்வைக்குள் கிடக்கிற ஆள். கிழவருக்கு எங்கள் வீட்டில் விழுந்த பெயர் கோட்டுக்காரர்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. அகதியாக வந்து எங்கள் ஹோலில் இருந்த சோபாவில் படுத்துக்கொண்டு, ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் அவர் பள்ளிக்கூடத்தில் எல்லே என்கிற பந்தடி விளையாட்டு அணிக்குத் தலைவர். அதை எங்களுக்கு அவர் மறக்கவிட்டதில்லை. அப்பா இரவு வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குவதால், அந்தக் கதைகளை முழுவதும் கேட்க வாய்த்தவள் நான் ஒருத்திதான்.

கோட்டுக்காரர் யார் என்பது தெரியவந்ததும் என்னால்தான். மாடி நடையில் பந்தடிக்கக் கூடாது என்று அறிவித்தல் ஒட்டியிருந்த சுவரிலேயே நான் ரெனிஸ் பந்தை அடித்து விளையாடிக்கொண்டிருந்தேன். பந்து எகிறி, கதவைப் பூட்டிக்கொண்டு நின்ற அவருடைய முகத்தை நோக்கிப் போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது கை திறப்பில் இருக்க, இடது கை மட்டும் எழும்பிப் பந்தைப் பிடித்தது. பிறகு அதை உடனே தராமல், உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை என் கையில் மெல்ல வைத்தார், முட்டையைக் கொடுப்பதுபோல. வாசலில் நின்று பார்த்த மாமாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. "உது சும்மா பிடிச்ச பிடியில்லை," என்றார்.

மாமா விட்டாரா? தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தோடு அன்றைக்கே போய்க் கதவைத் தட்டினார். கோட்டுக்காரர் பேஸ்போல் விளையாடியவர், அதுவும் சம்பளத்துக்கு விளையாடியவர். கிழக்குக் கரையில் நிலக்கரிச் சுரங்கம் இருந்த ஊரில் பிறந்தாராம். அங்கே சுரங்கத்துக்கு ஒரு அணி இருந்ததாம். அப்பனும் தமையன்மாரும் மண்ணுக்குக் கீழே போக, இவரை மட்டும் அவருடைய கை வெளிச்சத்தில் வைத்திருந்தது. கியூபெக்கின் சின்ன ஊர்களில் பஸ்ஸில் தூங்கித் தூங்கி விளையாடி, கடைசியில் இந்த நகரத்துக்கு வந்திருக்கிறார். இப்போதைய பெரிய அணியும் கூரை மூடுகிற மைதானமும் வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஏரிக்கரையில் ஒரு மைதானமும் அதற்கென்று ஒரு அணியும் இருந்தன. அமெரிக்காவின் பெரிய அணிகளுக்கு ஒரு படி கீழே. அந்த ஒரு படியை ஏறத்தான் எல்லோரும் அங்கே வந்தார்கள். கோட்டுக்காரர் பந்து எறிகிறவர். இன்னொரு வருடம் எறிந்திருந்தால் ஏறியிருப்பார் என்று சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்து மாமாவே தீர்ப்புச் சொன்னார்.

ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்குத் தோள் என்று மட்டும் சொன்னாராம். பிறகு பேக்கரி வான் ஓட்டினார், வீடுகளுக்குப் பெயின்ற் அடித்தார், மற்றவர்களின் வாசலில் பனி வழித்தார். படத்தில் அவரோடு நிற்பவர்களில் ஒருவர் பழைய கார் விற்றார், ஒருவர் பள்ளிக்கூடம் கூட்டினார், ஒருவர் குடித்தே செத்தார். இதையெல்லாம் அவர் நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரிச் சொல்லுவார்.

சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரத் தொடங்கினார். இடியப்பத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொதியைக் கோப்பையில் வாங்கிக் குடிப்பார். தமிழில் "போதும்" என்று சொல்லப் பழகியிருந்தார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதையும் இல்லை என்பதையும் சீக்கிரம் பழகிக்கொண்டார். அவர் உட்கார மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை வந்தது. அவர் வர ஐந்து நிமிடம் பிந்தினால் அம்மா என்னை அனுப்பிக் கதவைத் தட்டச் சொல்லுவார். தட்டியதும் கதவு திறக்கும் வேகத்தைப் பார்த்தால், அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. வேறு யாரும் அந்தக் கதவைத் தட்டி நான் பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் மாமாவின் பழைய மாணவர் சங்கத்து ஒன்றுகூடல் வந்தது. ஸ்காபரோவில் ஒரு பூங்காவில், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எப்போதும் எதிரியான மற்றப் பள்ளிக்கூடத்தாரும் சேர்ந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லே விளையாடுவார்கள். ஊரில் வைத்த பகை, கடல் கடந்தும் வாடவில்லை. ஆனால் வருடா வருடம் தோற்பது நாங்கள்தான். டொக்ரரும் கணக்காளரும் நிறைந்த அந்தச் சங்கத்தில் கோப்பை கழுவுகிற மாமாவை ஒருவரும் எதற்கும் கேட்பதில்லை. முதல் வருடம் அவருக்குக் கொடுத்த பதவி, கோழி வாட்டுகிற அடுப்புக்கு விசிறுவது. இந்த வருடம் அவர் நிமிர்ந்து நின்று, தான் ஒரு உண்மையான ஆட்டக்காரனைக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டார். சொன்ன அன்று முதல் அவர் நடையே வேறு.

கோட்டுக்காரர் வரமாட்டேன் என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை. மாமா கெஞ்சினார். இதுவும் உங்களுடைய விளையாட்டுத்தான், பெயர் மட்டும் வேறு, தடியால் அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவது, பந்தும் இந்தச் சின்னவளுடைய ரெனிஸ் பந்துதான், எறியக்கூடத் தேவையில்லை, நடுவில் நின்று பிடித்தால் போதும் என்றார். கிழவர் தலையை ஆட்டினார். அப்போது அம்மா குறுக்கிட்டார். ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து பூசை தவறவிடாத அம்மா சொன்னால் அதற்கு ஒரு நிறை உண்டல்லவா? "ஒரு கிழமை போகாட்டில் கடவுள் கோவிக்கமாட்டார் எண்டு சொல்லு. அவருக்கும் சேர்த்து நான் மெழுகுதிரி கொழுத்துறன்." மாமா அதை மொழிபெயர்த்தார். கோட்டுக்காரர் அம்மாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, சரி என்றார்.

எல்லே பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் அடித்தவன் ஓடும்போது எதிரணி அவனை அவுட்டாக்குவதற்குப் பந்தால் அவன் உடம்பில் எறிந்து அடிக்க வேண்டும். ஊரில் பிறந்த எல்லோருக்கும் இது பச்சைத் தண்ணீர் குடிப்பது போன்ற சங்கதி. அதனாலேயே மாமா அதைச் சொல்ல மறந்துபோனார். எங்கள் ஒன்றுகூடலுக்கென்று இன்னொரு சலுகையும் இருந்தது. வயிறு வைத்த பெரியவர்கள் அடித்துவிட்டு நிற்க, அவர்களுக்காக ஒரு பிள்ளை ஓடலாம். நான் நன்றாக ஓடுவேன். மற்றப் பள்ளிக்கூடத்து அங்கிள் ஒருவர் எங்கள் பக்கம் வந்து என்னை இரவல் கேட்டார். எதிரிக்குப் பந்தயக் குதிரையைக் கொடுத்த கதையாக மாமாவும் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. கோட்டுக்காரர் மேலே எழும்பிய பந்துகளை மரத்தில் பழம் பறிக்கிற மாதிரிப் பறித்தார். பெண்கள் கச்சான் கடலை உடைப்பதை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். சங்கத் தலைவர் மாமாவின் தோளில் கைபோட்டார். பிறகு மாமா ஓடிய ஒருவனைப் பந்தால் எறிந்து முதுகில் அடித்தார். அடிபட்டவன் துள்ளிக்கொண்டு ஓட, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கோட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மாமாவிடம் வந்து ஏதோ கேட்டார். தலையில் பட்டால் என்ன என்று கேட்டாராம். தலையில் பட்டாலும் அவுட்தான் என்று மாமா விளக்கம் கொடுத்தார்.

கடைசி ஓட்டம் என்னுடையது. அங்கிள் அடித்த பந்து புல்லில் உருண்டு நேரே கோட்டுக்காரரிடம் போனது. நான் கடைசி மூலையைத் திரும்பியபோது அவர் எனக்கு முன்னால், கை நீட்டினால் தொடக்கூடிய தூரம்போல் நின்றார். பந்து அவருடைய வலது கையில். என் மேல் பட்டால் நாங்கள் வென்றோம், படாவிட்டால் அவர்கள். சுற்றி நின்ற எல்லோரும் கத்தினார்கள். மாமாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"எறியுங்கோ. அவளுக்கு அடியுங்கோ."

தமிழில் கத்துகிறோம் என்பதும் அவருக்கு நினைவில்லை. நான் ஓடுவதை நிறுத்தினேன். தப்ப வழியில்லை என்று தெரிந்ததால், இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, நாக்கை நீட்டிச் சிரித்துக்கொண்டு நின்றேன். கோட்டுக்காரரின் கை பின்னால் போனது. அப்படியே நின்றது. அவருடைய முகம் சுண்ணாம்பாக இருந்தது. பிறகு விரல்கள் விரிந்து, பந்து அவருக்குப் பின்னால் விழுந்தது. நான் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் முடிவுக் கோட்டைத் தொட்டேன். மற்றப் பள்ளிக்கூடத்தார் என்னைத் தோளில் தூக்கினார்கள். மேலிருந்து பார்த்தபோது அவர் புல்லில் குந்தியிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரோ சொன்னார்கள்.

மாமாவை அன்று அவர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். ஆனை எங்கே, நான் பார்க்கவில்லையே என்று இன்னொருவர் கேட்டார். வான் வண்டியில் திரும்பி வந்தோம். எங்கள் கட்டிடம் தெரிகிற இடத்தில் மாமா முன்சீற்றிலிருந்து திரும்பி, ஆங்கிலத்தில் சொன்னார்: "நீ ஒருநாளும் விளையாடியிருக்கமாட்டாய். அந்தப் படத்தில நிக்கிறது வேற ஆரோ."

ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதான். ஆனால் மாமா சொன்னது நீ என்று எனக்கே விளங்கியது. அம்மா "தம்பி" என்று ஒரு அதட்டுப் போட்டார். கோட்டுக்காரர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம்," என்றார். "அது வேற ஆள்தான்."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் வரவில்லை. போய்த் தட்டச் சொல்லி அம்மாவும் என்னை அனுப்பவில்லை. லிஃப்றில் சந்தித்தால் மாமாவும் அவரும் மேலே எரிகிற இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு இறங்குவார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. என்மேல் உள்ள பிரியத்தால்தான் அவர் விட்டுக்கொடுத்தார், அதற்காக மாமாவிடம் பேச்சும் வாங்கினார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

மழைக்குளிர் தொடங்கிய நாட்களில் அம்மாவுக்கு நகரத்தின் கிழக்கில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை கிடைத்தது. சாப்பாட்டு வண்டி தள்ளுகிற வேலை. முதல் ஞாயிறு வேலை முடிந்து வந்தவர், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போய் மாமாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தாள் கோயிலுக்குப் போறேல்லையடா."

நான் மேசைக்குக் கீழே படம் கீறிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னதெல்லாம் கேட்டது. அந்த இல்லத்தில், சன்னலோரம், சக்கர நாற்காலியில் ஒரு மனிதர் இருக்கிறார். பேச்சில்லை, ஒரு பக்கம் விளங்காது. கோட்டுக்காரர் ஞாயிறு தோறும் போய் அவருக்கு முகம் வழித்து, கரண்டியால் சாப்பாடு தீத்திவிடுகிறார். அங்கே வெகுகாலம் வேலை செய்கிற தாதிதான் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதரும் பேஸ்போல்காரர். கியூபெக்கிலிருந்து வந்த பெடியன், அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. ஏரிக்கரை மைதானத்தில் ஒரு பின்னேரம் கோட்டுக்காரர் எறிந்த பந்து அவருடைய நெற்றிப்பொட்டில் பட்டது. அந்தக் காலத்தில் எல்லோரும் தலைக்கவசம் போடுவதில்லை. பெற்றோர் இருந்தவரை அவர்கள் பார்த்தார்கள். பிறகு வருவது இவர் ஒருவர்தான். அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு இவர் மைதானத்தில் கால் வைக்கவேயில்லை.

"நாங்கள் மறிச்ச ஞாயிறு ஒண்டு இருக்கல்லோ," என்றார் அம்மா. "அண்டைக்கு அந்த மனிசன் ஒருத்தர் கையாலையும் வாங்காமல், பொழுதுபடுமட்டும் வாசலையே பாத்துக்கொண்டிருந்ததாம். நான்தானே போகவிடேல்லை. நான் மெழுகுதிரி கொழுத்தினனான்."

தண்ணீர்க் குழாய் திறந்தபடியே ஓடியது. எனக்கு அதில் ஒன்றுதான் விளங்கவில்லை. பந்து பட்டதற்கு ஏன் ஒருவர் சக்கர நாற்காலியில் இருக்க வேண்டும்? எனக்குத் தெரிந்த பந்து என்னுடையதுதான். பட்டால் கொஞ்சம் சுள்ளென்றும், மிச்சத்துக்குச் சிரிப்பும் வரும். பேஸ்போல் பந்து தோல் சுற்றிய கல் என்பதை, எத்தனையோ வருடம் கழித்து, பிக்கரிங்கில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு என் மகன் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்த அன்றுதான் அறிந்தேன்.

இந்தக் கிழமை போய்க் கதைக்கிறன் என்றார் மாமா. அடுத்த கிழமையும் அதையே சொன்னார். அம்மா சொதி வைத்தால் ஒரு கோப்பையில் ஊற்றி மூடி வைப்பார். மாமா அதை எடுத்துக்கொண்டு வாசல் வரை போவார், பிறகு திரும்பி வந்து அடுப்படியில் வைப்பார். ஒரு வார்த்தையைக் கொட்டிவிட்டால் அள்ளுவது எவ்வளவு கடினம் என்று அந்தக் குளிர்காலம் முழுவதும் பார்த்தேன், என்ன பார்க்கிறேன் என்று தெரியாமலே. எல்லாவற்றுக்கும் காலம் இருக்கிறது என்றுதான் மாமா நினைத்திருப்பார்.

பனி கரையத் தொடங்கிய ஒரு ஞாயிறு. அம்மா வேலையிடத்திலிருந்து ரெலிபோன் எடுத்தார். கோட்டுக்காரர் வரவில்லை, அந்த மனிதர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஓடிப்போய்க் கதவைத் தட்டு என்றார். மாமா வெறுங்காலோடு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மாமா கையால் தட்டி, பிறகு உள்ளங்கையால் அடித்து, கட்டிடப் பொறுப்பாளரைக் கூட்டிவந்து திறப்பித்தார். கதவுக்கு மிகப் பக்கத்தில், கதிரையில், கோட்டும் ரையுமாக அவர் உட்கார்ந்திருந்தார். தலை வாரியிருந்தது. ஒரு சப்பாத்து மட்டும் போட்டபடி இருந்தது. மடியில் இருந்த கடதாசிப் பைக்குள், பல்லில்லாதவரும் தின்னக்கூடிய அளவுக்குக் கனிந்த வாழைப்பழங்கள்.

"நான் எழும்பி வந்து தட்டியிருக்கலாம்," என்றார் மாமா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. என்னை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

செத்த வீட்டுக்கு எங்கள் வீட்டாரும், பொறுப்பாளரும், அந்தத் தாதியும்தான். சுரங்க ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. விளையாட்டுக்காரர்களும் வரவில்லை, வருவதற்கு யார் மிஞ்சியிருந்தார்களோ. பெட்டிக்கு ஆள் போதாமல், இரவு வேலை முடிந்து கண் சிவந்து வந்த அப்பாவும் ஒரு பக்கம் பிடித்தார். மாமா அங்கே அழுத மாதிரி ஒரு ஆம்பிளை அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மாமா விடிய எழும்பினார். சவரம் எடுத்து, அப்பாவின் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். யாரோ பெண்பிள்ளை அகப்பட்டுவிட்டாள் என்று அப்பா கிண்டல் செய்தார். அம்மா சிரிக்கவில்லை. குசினியில் வாழைப்பழம் கறுக்கும்வரை கிடக்க விடுவார், எறியமாட்டார்.

என்னைப் பார்க்க ஆளில்லாத ஒரு ஞாயிறு, மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தெருவில் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்காரில் போய், பிறகு பஸ்ஸில் போனோம். சும்மா போகக் கூடாது என்று நானும் ஒரு பரிசு கொண்டுபோனேன், என் ரெனிஸ் பந்து. சக்கர நாற்காலியில் இருந்த அந்த மனிதர் நான் நினைத்ததுபோல் பயங்கரமாக இல்லை. வெள்ளைத் தலை, குழந்தை முகம். காதுக்கு மேலே, மயிர் முளைக்காத ஒரு பள்ளம். மாமா ஒரு துவாயைக் கழுத்தில் கட்டி, பழத்தை மசித்துத் தீத்தினார். அவர் மாமாவைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தபடி வாசலைப் பார்த்தார்.

எனக்கு அவரைச் சிரிக்க வைக்க வேண்டும் போலிருந்தது. பையிலிருந்து பந்தை எடுத்தேன். நிலத்தில் ஒருதரம் குத்தினேன். சத்தம் கேட்டு அவர் திரும்பினார். பந்தைப் பிடித்துக்கொண்டு, கோட்டுக்காரர் செய்ததுபோல, கையைப் பின்னால் கொண்டுபோனேன். உடனே அவருடைய நல்ல கை எழும்பித் தலையைப் பொத்தியது. மற்றக் கையையும் தூக்கப் பார்த்தது உடம்பு, தூக்க முடியவில்லை.

மாமா கரண்டியைப் போட்டுவிட்டு எழும்பி வந்து பந்தை என் கையிலிருந்து பறித்தார். அதை அவர் தன் கோட்டுப் பைக்குள் போட்டுப் பொத்திப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். ஆனால் எனக்கு அந்த விளையாட்டுத் தெரியும். பூங்காவில் நான் விளையாடியதுதான் அது. நானும் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்தி, நாக்கை நீட்டிச் சிரித்தேன். அந்த மனிதர் கையை இறக்கவேயில்லை. நானும் இறக்கவில்லை. யார் கடைசிவரை வைத்திருக்கிறார்களோ அவர்கள்தான் வென்றவர்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.